எபாக்சி தெர்மோபிளாஸ்டிக்குக்குள் எவ்வளவு தூரம் போகும்? கேள்வி பதில்

கேள்வி: பாலிஈதரிமைடு என்ற தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) தகட்டின் மேல் எபாக்சி ஊற்றிக் கெட்டிப்படுத்துகிறோம். ஊடுருவும் ஆழத்தைக் கணிக்க, செறிவு வேறுபாட்டுக்கு ஏற்பப் பொருள் பரவும் என்கிற ஃபிக் விதி போதாதா?

பதில்: விரவல் கெழுவை (பொருள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் எண்) மாறிலியாக வைத்தால் போதாது. பாலிஈதரிமைடு சுமார் 217 டிகிரி செல்சியஸ் வரை கண்ணாடி போல் விறைத்திருக்கும். 180 டிகிரியில் கெட்டிப்படுத்தும்போது மோனோமர் (இன்னும் இணையாத சிறு மூலக்கூறு) கொஞ்சம் நுழைந்ததுமே அந்த இடம் இளகிவிடும். பின்னால் வருபவை இன்னும் வேகமாகப் போகும். அதனால் செறிவு மெல்லச் சரியாமல், கூரான முகப்போடு முன்னேறும். கெழுவைச் செறிவின் அடுக்குக்குறிச் சார்பாக வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: வினையை எப்படிச் சேர்ப்பது சார்? ஜெல் ஆனதும், அதாவது மூலக்கூறுகள் ஒரே வலையாகப் பின்னியதும், கெழுவைப் பூச்சியமாக்கிவிடலாமா?

பதில்: எபாக்சிக்கு ஒன்று, அதைக் கெட்டிப்படுத்தும் ஹார்ட்னரான அமீனுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சமன்பாடு எழுதி, வினையில் செலவாகும் வேகத்தைக் கழியுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போகாது. ஊற்றிய விகிதம் உள்ளேயும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பூச்சியமாக்குவது மட்டும் கூடாது. டைஎபாக்சியும் (இரண்டு வினை முனை உள்ள எபாக்சி) டைஅமீனும் (இரண்டு அமீன் தொகுதி உள்ளது) சரிவிகிதத்தில் இருந்தால், ஃப்ளோரி–ஸ்டாக்மேயர் கணக்குப்படி ஜெல் ஆவது சுமார் 58 சதவீத வினையில். அப்போது ஒவ்வொரு எபாக்சி முனையும் வினைபுரியாமல் இருக்க வாய்ப்பு 0.42. இரு முனையும் தப்பிய மூலக்கூறுகள் 0.42 × 0.42, அதாவது ஏறக்குறைய 18 சதவீதம். வலையில் மாட்டாத இவை இன்னும் நகரும். கெழுவைப் படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: சூட்டைக் கூட்டினால் ஆழம் கூடுமா?

பதில்: விரவல், வினை இரண்டுமே வேகமெடுக்கும். எதன் கிளர்வு ஆற்றல் (நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) பெரிதோ அது முந்தும். கெழு விநாடிக்கு 1 சதுர மைக்ரோமீட்டர் என்றால், 100 மைக்ரோமீட்டர் போகச் சுமார் 10,000 விநாடி, கிட்டத்தட்ட 2.8 மணி நேரம். அதற்குள் ஜெல் ஆகிவிடும் என்றால் அந்த ஆழத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: வெட்டுமுகத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரிகின்றன. கலவை சரியில்லையா?

பதில்: கலவையைக் குறை சொல்லாதீர்கள். வினை முன்னேற மூலக்கூறுகள் பெரிதாகும், கரைந்தது பிரியும். விரவல் சமன்பாடு மட்டும் இதைக் காட்டாது. கலவை தானே பிரிவதைக் கணிக்கும் கான்–ஹில்லியார்ட் சமன்பாடு வேண்டும்.

கேள்வி: கணக்கை எதோடு ஒப்பிடுவது?

பதில்: ஹார்ட்னர் டைஅமினோடைஃபீனைல் சல்ஃபோன் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: அதில் கந்தகம் உண்டு, பாலிஈதரிமைடில் இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எக்ஸ்ரே நிறமாலை எடுத்து, விளிம்பிலிருந்து உள்ளே கந்தகத்தைத் தொடருங்கள். எபாக்சிக்கு ராமன் நிறமாலை (சிதறும் லேசர் ஒளியை வைத்து மூலக்கூறை அடையாளம் காணும் முறை). தகடு பாலிசல்ஃபோன் என்றால் கந்தக வழி அடைபட்டது. தகட்டிலேயே கந்தகம் இருக்கிறதே!