தாய் சி: மெதுவாக அசைவது எதற்காக?

கேள்வி: ஐயா, 'சி' என்பது உயிராற்றலைக் குறிப்பதுதானே? அப்படியானால் தாய் சி மூச்சுப் பயிற்சியா, சண்டைக் கலையா?

பதில்: உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் வேறு. இக்கலையின் முழுப்பெயர் 'தாய்ஜிச்சுவான்'. அதில் 'தாய்ஜி' என்பது இன், யாங் எனப்படும் எதிரெதிரான, ஒன்றையொன்று நிறைவு செய்யும் இரு தன்மைகளுக்கும் மூலமான நிலையையும், 'ச்சுவான்' என்பது முட்டியையும், அதன் வழியே கைச்சண்டையையும் குறிக்கின்றன. ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்தில் சென் குடும்பத்தார் காத்துவந்த இக்கலையை 19ஆம் நூற்றாண்டில் அங்கே கற்ற யாங் லுச்சான் பெய்ஜிங்கில் பரப்பினார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு காலத்தில்தான் இன்று பூங்காக்களில் காணும் சீரான, மெதுவான வடிவம் பரவியது.

கேள்வி: சண்டைக்கு வேகம் வேண்டாமா?

பதில்: வேண்டும், ஆனால் வேகமாக நடக்கும்போது நாம் பாதி விழுந்தபடியே அடுத்த காலை ஊன்றுகிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. மெதுவாக அடிவைக்கும்போது, எடை முழுவதையும் ஒரு காலில் தாங்கி, வெறுமையான மறுகாலின் குதிகாலை ஓசையின்றித் தரையில் வைத்து, பிறகே எடையைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டியிருப்பதால், தடுமாற்றம் எதையும் மறைக்க முடியாது. இந்த நிலைத்தன்மை உண்மையானதா என்பதை 'துய் ஷோ' என்னும் இருவர் பயிற்சி சோதிக்கிறது: எதிரில் நிற்பவர் தள்ளும் விசையை எதிர்க்காமல் ஏற்று, இடுப்பைத் திருப்பி, அதைப் பக்கவாட்டில் போகவிட வேண்டும். உடல்நலத்துக்காக மட்டும் வருபவர்களும் இதைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'சிட்டுக்குருவியின் வாலைப் பற்றுதல்' என்ற தொடரில் எங்கே தாங்குகிறோம், எங்கே இழுத்துத் திருப்புகிறோம், எங்கே தள்ளுகிறோம் என்று தெரியாதவரின் கைகள் காற்றில் வெறுமனே மிதக்கும்; முதுகும் காலும் அவற்றோடு சேர்ந்து வேலை செய்யா.

கேள்வி: எனக்கு வயது 61. முழங்கால் தேய்மானம் உள்ளது. கற்கலாமா?

பதில்: மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தாய் சி பயிற்சி வழக்கமான இயன்முறை மருத்துவத்துக்கு இணையான பலனைத் தந்தது. ஆனால் தவறாகச் செய்தால் இதே பயிற்சி முழங்காலைக் கெடுக்கும். முழங்கால் எப்போதும் பாதம் நோக்கும் திசையிலேயே மடங்கட்டும். எடை ஏறிய காலைத் தரையில் வைத்தபடி முறுக்காதீர்கள். தாழ்வாக நிற்க முயலவே வேண்டாம்.

கேள்வி: எந்த வடிவத்தில் தொடங்குவது? காணொளி போதுமா?

பதில்: யாங் லுச்சான் குடும்பத்தின் மரபை ஒட்டி 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தொகுத்த 24 அசைவு வடிவம் போதும், முழுதும் செய்ய ஐந்தாறு நிமிடங்களே ஆகும். அசைவுகளின் வரிசையை நினைவில் கொள்ளக் காணொளி உதவும். எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை அது காட்டாது. உங்கள் முன்கையில் கைவைத்து மெல்லத் தள்ளிப் பார்க்கும் ஆசிரியரே அதைச் சொல்ல முடியும்.