தேதி முடிந்த காய்கறி விதைகளை வீட்டுத் தோட்டத்தில் போடலாமா?

கத்தரி, மிளகாய், வெண்டை, சுரை, வெங்காயம் என்று 2 வருஷத்துக்கு முன் வாங்கிய பாக்கெட்டுகள் வீட்டில் கிடக்கின்றன, தேதி தாண்டிவிட்டது, ஆடிப்பட்டத்துக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். நேராகப் பாத்தியில் மட்டும் தூவிவிடாதீர்கள். முதலில் பத்து விதையை முளைக்க வைத்துப் பாருங்கள்.

பாக்கெட்டில் இருக்கும் தேதி மாத்திரை அட்டையில் இருக்கிற தேதி மாதிரி கிடையாது. விதையைப் பரிசோதித்த நாளிலிருந்து பொதுவாக 9 மாதம் கணக்கிட்டு அந்தத் தேதியைப் போடுகிறார்கள். கத்தரி, தக்காளி என்றால் நூற்றுக்கு 70, வெண்டை 65, மிளகாய் 60 விதையாவது முளைக்க வேண்டும் என்று சான்று விதைக்கு, அதாவது அரசு சோதித்துச் சான்று கொடுத்த விதைக்கு, அளவு உண்டு. அதற்குத்தான் அந்தத் தேதி வரை பொறுப்பு. மறுநாளே விதை செத்துப்போவதில்லை. அதே சமயம், தேதி இருக்கிறது என்பதற்காக உயிரோடு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஈரமும் சூடும்தான் விதையின் ஆயுளைத் தின்கின்றன. விதையில் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் அப்படித்தான் என்று விதை படித்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நம்ம திருநெல்வேலி வெயிலில், அடுப்புக்கு மேல் தட்டில் வைத்த பாக்கெட்டின் கதியை இதை வைத்தே யோசித்துக்கொள்ளலாம்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த என் பாக்கெட்டுகளெல்லாம் நனைந்தன. தேதி முடியாதவையும் அதில் இருந்தன. காயவைத்து எடுத்து வைத்தேன், தை மாதம் போட்டுப் பார்த்தேன், மிளகாயில் ஒன்றுகூட வரவில்லை. ஆச்சி புறவாசல் இறவாரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த பீர்க்கங்காய் நெற்று மூன்று வருஷத்துப் பழசு. உடைத்துப் பத்து விதை எடுத்தோம், எட்டு முளைத்தது. "ஈரத்துணியில முடிஞ்சு வச்சுப் பாருட்டி, உசுரு இருந்தா முளை காட்டும்" என்று ஆச்சி சொன்னதைத்தான் இன்றைக்கும் செய்கிறேன்.

பழைய வேட்டித் துணியை நனைத்து, தண்ணீர் சொட்டாமல் பிழிந்து, பத்து விதையை இடைவெளி விட்டு அடுக்கிச் சுருட்டுங்கள். ஒரு டிபன் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள். தினமும் ஒரு தடவை ஈரம் பாருங்கள். வெண்டை, சுரை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 14 நாள் பொறுக்க வேண்டும், ஐந்தாம் நாளே தூக்கி எறியாதீர்கள். ஏழுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல் போடலாம். நாலு, ஐந்து என்றால் இரண்டு மடங்கு விதை போடுங்கள். இரண்டோ ஒன்றோ என்றால் புது விதை வாங்கிவிடுங்கள். நாட்டு விதையாக இருந்து, வேறெங்கும் கிடைக்காது என்றால் மட்டும் அத்தனையையும் போட்டு, வருகிற ஒரு செடியையாவது காப்பாற்றுங்கள். அதற்காக எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும்.

தண்ணீரில் போட்டு, மிதப்பதையெல்லாம் கொட்டிவிடச் சொல்வார்கள். மிளகாய், தக்காளி மாதிரி லேசான விதைகளில் நல்லதும் மிதக்கும், அதை நம்ப வேண்டாம்.

அவரை, தட்டை, சீனியவரை (கொத்தவரை) பழசாக இருந்தால் ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள். பழைய விதையின் உள்சவ்வு பலவீனப்பட்டிருக்கும், தண்ணீர் ஒரேயடியாக உள்ளே பாய்ந்தால் அதுவே விதையைக் கெடுத்துவிடும். ஈரத்துணிக்குள் வைத்து மெல்ல ஈரம் ஏறவிட்டால் பிழைத்துக்கொள்ளும். நான் இது தெரியாமல் ஆச்சி வைத்திருந்த அவரை விதை ஒரு கைப்பிடியைக் கூழாக்கிவிட்டேன். இன்றும் வருத்தம்தான்.

இன்னொன்று, பழைய விதை முளைத்தாலும் நாற்று பெரும்பாலும் நோஞ்சானாக வரும். ஆடிக்காற்று நம்ம பக்கம் மேல்மண்ணை ஒரே பகலில் உலர்த்திவிடும், அதைத் தாங்காது. குழித்தட்டிலோ பழைய தொட்டியிலோ நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, விதையின் பருமனுக்கு இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்காமல் போட்டு, முளைக்கும் வரை நனைத்த சாக்கை மேலே மூடி வையுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு இலை விட்டு, தண்டு திரண்ட பிறகு பாத்திக்கு மாற்றலாம்.

ரோஸ், நீலம் என்று சாயம் ஏறிய விதைகள் மருந்து கலந்தவை. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முளைக்காததைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பாக்கெட்டுகளில் வெங்காயத்தை நான் நம்பமாட்டேன், அது ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம். மிளகாயும் வெண்டையும் இரண்டு வருஷ எல்லையில் நிற்கின்றன, அவற்றை முதலில் சோதியுங்கள். கத்தரி காய்ந்த இடத்தில் இருந்திருந்தால் நாலு வருஷம்கூட இருக்கும். சுரைக்கு அதைவிடக் கூடுதல் ஆயுள் உண்டு. சோதித்த பிறகு மிஞ்சுவதை, வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் அடியில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது பாட்டில் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும்.