ஒரு காதில் மட்டும் சுருதி இறங்கினால் தாமதிக்காதீர்கள்

முதலில் அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். ஸ்லோடு ரிவெர்ப் பாட்டு (வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்த்தது), 8டி பாட்டு, சுருதியைச் சற்று இறக்கிய 432 ஹெர்ட்ஸ் பாட்டு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நாலு நாளாக இடது காது மட்டும் அடைத்த மாதிரி இருக்கிறது, அந்தப் பக்கம் பாட்டு கொஞ்சம் சுருதி இறங்கிக் கேட்கிறது, கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருக்கிறேன்." எனக்கு முக்கியம் அந்த வரிதான். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு கேள்வி. கீபோர்டு கற்கிறீர்கள், மாற்றிய பாட்டுகளையே மாதக்கணக்கில் கேட்டதால் சுருதி ஞானம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். அதை முடித்துவிட்டு இடது காதுக்கு வருகிறேன்.

கெடவில்லை. ஒரு பாட்டின் வேகத்தை 15 சதவீதம் குறைத்தால், சுருதியும் கூடவே கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும் (அரைச்சுரம் என்பது கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்). அதையே தினமும் கேட்டால் மூளை அதைத்தான் அந்தப் பாட்டின் சரியான வடிவம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அசல் பாட்டைப் போட்டால் அவசர அவசரமாக, கீச்சுக் குரலில் பாடுவது போல இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து ஊருக்குள் நுழைந்ததும் வண்டி நகரவே இல்லை என்று தோன்றுமே, அது போன்ற பழக்கம்தான் இதுவும். எந்தச் சுரத்தையும் கேட்டவுடன் பெயர் சொல்லிவிடக்கூடிய, முழுமையான சுருதி ஞானம் உள்ளவர்களுக்கே இது நடக்கும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சிம்பொனியைப் போட்டு, அவர்களுக்கே தெரியாமல் சுருதியை மெல்ல மெல்ல இறக்கினார்கள். மொத்தம் இறக்கியது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். கேட்டு முடித்தபின், இறங்கிய சுரங்கள்தான் சரி, சரியான சுரங்கள் பிசகு என்றார்கள். மாறியது அவர்களுடைய தீர்ப்பு. காதுக்குள் எதுவும் உடையவில்லை. மாற்றாத பாட்டுகளைத் தொடர்ந்து கேளுங்கள், கீபோர்டில் தினமும் வாசியுங்கள். உங்கள் அளவுகோல் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

432 ஹெர்ட்ஸ் காதைக் குணப்படுத்தும், 440 நரம்பைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். 440 என்பது, வாத்தியங்களைச் சுருதி சேர்க்கப் பயன்படும் 'ஏ' (A) சுரத்துக்குச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1955ல் பரிந்துரைத்த பொது அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவுதான். அதில் மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. 8டி பாட்டில் எட்டுப் பரிமாணமும் இல்லை. ஒலியை இரு காதுக்கும் நடுவே ஊசலாட விட்டு எதிரொலி சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். சிலருக்குத் தலை லேசாகக் கிறுகிறுக்கலாம், நிறுத்தினால் போய்விடும்.

பாட்டை எப்படி மாற்றினார்கள் என்பதைவிட, எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் கேட்டீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். இரவு முழுக்க இயர்போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு தூங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். தினமும் ஏழு மணி நேரத் தூக்கம் என்று வைத்தாலே, நீங்கள் விழித்திருந்து கேட்பதைச் சேர்க்காமல் வாரத்துக்கு 49 மணி நேரம் ஆகிறது. அதோடு ஸ்லோடு பாட்டில் அடித்தொனி அதிகம். அடித்தொனி நம் காதுக்கு மந்தமாகத்தான் எட்டும் என்பதால் தெரியாமலே ஒலியைக் கூட்டிவிடுவோம். தூங்கும்போது கழற்றி வையுங்கள்.

இப்போது இடது காது. பழக்கத்தால் வரும் மாற்றம் இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மட்டும் வராது. உட்செவியின் சுருளுக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 வரிசையாக இருக்கின்றன. உச்சமான ஒலிக்கு ஓரிடம், தாழ்ந்த ஒலிக்கு வேறிடம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் பதிவாகிறது. ஒரு பக்கத்தில் அந்தச் செல்கள் அடிபட்டால் அதே சுரம் இடம் பிசகிப் பதிவாகி, வலது காதில் ஒன்றாகவும் இடது காதில் வேறாகவும் கேட்கும். கூடவே அடைத்த உணர்வும் இருந்தால், திடீர்ச் செவித்திறன் இழப்பாக இருக்கலாம் என்றுதான் நான் முதலில் நினைப்பேன். மூன்று நாளுக்குள், சில சமயம் ஒரே இரவில் வந்துவிடும். வலிக்காது. அதனால்தான் சளி, அழுக்கு என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பலன் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது முதல் இரண்டு வாரத்தில்தான், அதிலும் சீக்கிரம் தொடங்கினால் நல்லது. உங்களுக்கு அதில் நாலு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். இருந்தால் ரொம்ப நல்லது, கருவியை வைத்துப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் அதைக் கண்ணாடியில் பார்த்து நீங்களோ, கடைக்காரரோ முடிவு செய்ய முடியாது. சொட்டு மருந்து உட்செவிக்கு மருந்தாகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில ஆன்டிபயாடிக் சொட்டுகள் உள்ளே இறங்கி உட்செவியையே கெடுக்கும். இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் எல்லாம் பார்த்துத்தான் அளவு முடிவாகும்.

வாயை மூடி "ம்ம்ம்" என்று ஒரே சுரத்தில் முனகிப் பாருங்கள். ஒலி அடைத்த காதுப் பக்கம் கூடுதலாகக் கேட்டால் குறும்பியோ நடுக்காதுக் கோளாறோ இருக்க வாய்ப்பு. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உட்செவியைச் சந்தேகப்பட வேண்டும். இசைக்கவையை நெற்றியில் வைத்து மருத்துவர் பார்ப்பதும் இதைத்தான். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் மருத்துவரிடம் போவது போவதுதான்.

இரண்டு காதிலும் சத்தமான பாட்டுக்குப் பிறகு வரும் ரீங்காரம் ஓரிரு நாள் ஓய்வில் அடங்கிவிடும், அடங்காவிட்டால் பரிசோதனை வேண்டும். மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. வலிப்புக்குத் தரும் கார்பமாசிபைன் சிலருக்கு எல்லாச் சுரத்தையும் சற்று இறக்கிக் காட்டும். எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாளைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தலை சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் மரத்தாலோ நாளை வரை காத்திருக்காமல் இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சொட்டு மருந்துக் குப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். என்று, எப்படித் தொடங்கியது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், பாட்டுக் கதை பிறகு. காதைப் பார்த்துவிட்டுக் குறும்பி இல்லை என்றால், அன்றே ஆடியோகிராம் (செவித்திறனை அளக்கும் பரிசோதனை) எடுத்துவிடலாமா என்று நீங்களே கேளுங்கள்.