ஜப்பானும் ரஷ்யாவும் இன்னும் அமைதி ஒப்பந்தம் போடவில்லையாமே, ஏன்?

உண்மைதான். இரண்டாம் உலகப்போர் முடிந்து இத்தனை காலமாகியும் போடவில்லை. குறுக்கே நிற்பவை இரு நாடுகளும் உரிமை கோரும் எதொரோஃபு, குனாஷிரி, ஷிகோதான், ஹபோமாய் தீவுகள். 1945இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்த பிறகு சோவியத் படை அவற்றைப் பிடித்தது; அங்கிருந்த சுமார் 17,000 ஜப்பானியர் ஊரை இழந்தார்கள். ஜப்பானின் வடகோடிப் பெருந்தீவான ஹொக்கைடோவின் நொசாப்பு முனையிலிருந்து ஹபோமாயின் மிக அருகிலுள்ள திட்டு 3.7 கிலோமீட்டர்தான், வெறுங்கண்ணுக்கே தெரியும்.

1956இல் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டறிக்கையில், ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஷிகோதானையும் ஹபோமாயையும் தருவதாக மாஸ்கோ ஒப்புக்கொண்டது. இரண்டும் சின்னவை, பெரியவையான எதொரோஃபுவையும் குனாஷிரியையும் விட்டுக்கொடுக்க டோக்கியோவுக்கு மனமில்லை. அப்புறம் 1960இல் ஜப்பான் அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, ஜப்பானிலிருந்து அந்நியப் படைகள் வெளியேறினால்தான் தீவு என்று சோவியத் புது நிபந்தனை போட்டது. முடிச்சு இறுகியது அங்கேதான் என்பேன். உக்ரைன் போருக்காக ஜப்பான் தடைகள் விதித்ததும், 2022 மார்ச்சில் ரஷ்யா பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டது.