முகமில்லாத முன்னோர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அருங்காட்சியகம் ஒன்றில் 'யொரூபா முகமூடிகள்' என்று எழுதி ஒரு மரமுகத்தையும் ஆளுயரத் துணிக்குவியல் ஒன்றையும் வைத்திருந்தார்கள். மரமுகம் பெண்ணுடையது, தலைமேல் பாம்பும் பறவையும். துணியில் முகமே இல்லை. இதில் முன்னோரைக் குறிப்பது எது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துணிதான் முன்னோர். அதை அணிந்து ஆடும்போது முன்னோரே வந்துவிட்டதாக நம்பிக்கை. யொரூபா மக்கள் வாழும் தென்மேற்கு நைஜீரியாவிலும் பெனின் நாட்டிலும் அதற்கு எகுங்குன் என்று பெயர்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மரமுகம் கெலெடே சடங்குக்குரியது. அது முன்னோருக்கானதல்ல. 'எங்கள் தாய்மார்' என்று பயபக்தியோடு குறிப்பிடப்படும் மூதாட்டிகளின் ஆற்றலைப் போற்றிக் குளிர்விப்பது. 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பெண்முகமானாலும் அணிந்து ஆடுபவர் ஆண். அதை முகத்தில் கட்டுவதில்லை. உச்சந்தலையில் சாய்வாகக் கவிழ்த்து, கீழே மெல்லிய துணியைத் தொங்கவிடுவார்கள். ஆடுபவர் பார்ப்பது அந்தத் துணி வழியாகத்தான். சுவரில் நிமிர்த்தி மாட்டினால் சிற்பி கணக்குப் பண்ணிய கோணமே போய்விடுகிறது. பல காட்சிக்கூடங்களில் இந்தக் கூத்துதான்.

எகுங்குனுக்கு வருவோம். அடியில் ஓர் உறை: கைத்தறியில் நெய்த குறுகலான பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது, பிணத்துக்குச் சுற்றும் துணியை நினைவூட்டுவது. கண்ணுக்கு நேரே வலைப்பின்னல். கைகால்களையும் துணி மூடிவிடும். மனித உடம்பு துளியும் தெரியக்கூடாது. குரல்கூட மாறும், கரகரவென்று.

உறைக்கு மேல் வெல்வெட், டமாஸ்க், அச்சுத்துணி என்று விலையுயர்ந்த துணிகளில் தைத்த தொங்கல்கள். ஓரங்களில் முக்கோணப் பற்கள், பெரும்பாலும் சிவப்பில். தொங்கல்களை மேல்விளிம்பில் மட்டும் பிணைப்பார்கள். பக்கவாட்டிலும் தைத்துவிட்டால் சுழலும்போது விரியாது, விரியாவிட்டால் காற்று எழாது. அந்தக் காற்றுதான் பார்ப்பவர்களுக்கு ஆசி. ஆனால் ஆடையே மேலே பட்டுவிட்டால் ஆபத்து என்பது நம்பிக்கை. பிரம்போடு ஆட்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டே போவது அதனால்தான்.

ஆடை ஒரு வம்சத்தின் சொத்து. நைந்ததைக் கழிப்பதைவிட, மேலே புதிய தொங்கல் சேர்ப்பதே வழக்கம். பழையது உள்ளே போகும், கனம் கூடும். தாங்கியில் நிற்கும் ஆடையில் நாம் பார்ப்பது கடைசி அடுக்கை மட்டும். பக்கவாட்டில் நின்று கீழ்விளிம்பைக் கவனித்தால் உள்ளடுக்குகள் கொஞ்சம் தெரியும்.

'பெண்களுக்கு இடமில்லை' என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். ஆடையின் ரகசியம் ஆண்களிடம் இருப்பது உண்மை. ஆனால் வம்சத்தின் புகழ்ப்பாடலான ஒரீக்கியைப் பாடி முன்னோரை உற்சாகப்படுத்துவதில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. எகுங்குன் சடங்கை நடத்தும் சங்கத்துக்குள்ளேயே ஈயா அகான் என்ற பதவி பெண்ணுக்குரியது.