கொடி பறக்கும் வீட்டிலிருந்து வந்த பாத்திரம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் கும்பகோணம் பக்கம். கணவர் டாக்டர். அமெரிக்காவில் ஜே-1 என்ற விசாவில் பயிற்சி முடித்த டாக்டர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால், டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். அப்படித்தான் அயோவாவின் வடகிழக்கில், மூவாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் வயதான மக்காச்சோள விவசாயியும் மனைவியும். வாசலில் பெரிய டிரம்ப் கொடி. பனிக்காலம் முழுக்கக் கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளியவர் அவர்தான். அந்தம்மா கண்ணாடிப் பாத்திரத்தில் ஆப்பிள் பலகாரம் செய்து கொடுத்தார். பிறகு ஒருநாள் அந்த விவசாயி, “வெளியிலிருந்து வந்தவர்கள் நாட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களைச் சொல்லவில்லை” என்றார். அன்று முதல் மனசு சரியில்லை. பாத்திரம் மூன்று வாரமாக என்னிடமே இருக்கிறது. இப்போது சர்ச்சில் விருந்துக்கு அழைக்கிறார்கள். மதம் மாற்றிவிடுவார்கள் என்று மாமியார் பயப்படுகிறார். அரசியல் பேசாதே என்கிறார் கணவர். இவர்கள் நல்லவர்களா, நடிக்கிறார்களா? விருந்துக்குப் போகலாமா? ஆறு வயதுப் பையன் வேறு இருக்கிறான்.
— பெயர் வேண்டாம், அயோவா

பதில்: போங்கள் தங்கச்சி. அதற்கு முன்னால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள். மூன்று வாரம் என்பது அந்த ஊர்க் கணக்கில் ரொம்ப நாள்.

நான் நெப்ராஸ்காவில் இதேபோல ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். போன முதல் பனிக்காலத்தில் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் டிராக்டரோடு வந்து, சங்கிலி கட்டி இழுத்து வெளியே விட்டார். காசு நீட்டினேன், கோபப்பட்டார். இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் காபிக் கடையில், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அதே வசனத்தைச் சொன்னார். “உங்களைச் சொல்லவில்லை” என்கிற வால் உட்பட. வீட்டுக்கு வந்து அழுதேன், மறைக்கவில்லை. ஆகவே உங்கள் மனசு சரியில்லாமல் போனது தொட்டாற்சிணுங்கித்தனம் இல்லை. அந்த வார்த்தை குத்தத்தான் செய்யும்.

ஆனால் நல்லவரா, நடிப்பா என்று கேட்கிறீர்களே, அங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். யாரும் பார்க்காத காலை ஆறு மணிக்கு, உறைகிற குளிரில் பனி தள்ளி ஒரு மனிதர் நடிக்க மாட்டார். அந்தக் கொடியும் நடிப்பில்லை. இரண்டும் அவரேதான். ஒன்றை வைத்து இன்னொன்றை அடித்துவிட முடியாது. உங்களோடு பழகுவதால் அவர் ஓட்டு மாறும் என்றும் காத்திருக்காதீர்கள். என் டிராக்டர்காரர் மாறவில்லை.

ஓட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கத்திலேயே ஹோவர்ட் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. 2012-இல் ஒபாமாவை இருபது சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்த கவுண்டி, 2016-இல் டிரம்பையும் அதேபோல இருபதுக்கு மேல் ஜெயிக்கவைத்தது. அமெரிக்கா முழுக்க இப்படித் தலைகீழாகத் திரும்பிய கவுண்டி அது ஒன்றுதான். நேற்றுவரை கறுப்பினத்தவர் ஒருவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் நான்கு வருடத்தில் வேறு மனிதர்களாகிவிட்டார்களா? எண்பதுகளில் வட்டி ஏறி, நிலத்தின் விலை சரிந்து, குடும்பம் குடும்பமாகப் பண்ணையை ஏலத்தில் விட்ட ஊர்கள் இவை. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளை ஒன்றாக்கிவிட்டார்கள், கடைத்தெருவில் பாதி பூட்டு. யாராவது எதையாவது மாற்றட்டும் என்று மாற்றி மாற்றிக் குத்துகிறார்கள். அதற்காக எல்லாமே பணக் கஷ்டம்தான் என்று பூசி மெழுகவும் மாட்டேன். வெளியாட்கள் மேல் எரிச்சல் இருப்பவர்களும் இருக்கிறார்கள், அதை ஓட்டாக அறுவடை செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே வடகிழக்கு அயோவாவில் போஸ்ட்வில் என்ற ஊரில், 2008 மே மாதம் இறைச்சித் தொழிற்சாலையில் ரெய்டு நடத்தி, ஆவணமில்லாத தொழிலாளர்கள் 389 பேரை ஒரே நாளில் பிடித்துப் போனார்கள். மிச்சமிருந்த பெண்களும் குழந்தைகளும் கத்தோலிக்க ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது அந்த ஆலயத்து ஆட்கள்தான்.

சர்ச் என்றதும் மாமியார் பயப்படுவது புரிகிறது. சின்ன ஊரில் சர்ச்சின் அடித்தளம்தான் கல்யாண மண்டபம், சாவு வீட்டுச் சாப்பாட்டுக் கூடம், சமுதாயக் கூடம் எல்லாம். விருந்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு வரலாம். யாராவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வாருங்கள் என்றால், “நாங்கள் இந்துக்கள், சாப்பாடு என்றால் வருவோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். மூன்றாம் முறை கேட்பவர் ஊருக்கு ஒருவர் இருப்பார், அவரை விட்டு நாலு நாற்காலி தள்ளி உட்காருங்கள்.

சைவமா அசைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவமென்றால் சாலட் என்ற பெயரை நம்பாதீர்கள். மேஜையில் பச்சை நிறத்தில் ஆடிக்கொண்டு, மார்ஷ்மெல்லோ மிதக்க, ஒரு ஜெல்லி இருக்கும். அதற்கும் சாலட் என்றுதான் பெயர். ஜெல்லியில் இருப்பது மாட்டிலோ பன்றியிலோ எடுத்த ஜெலட்டின். பீன்ஸில் பன்றி இறைச்சித் துணுக்கு கிடக்கும். நீங்கள் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோங்கள், மிளகாய் பாதிதான். கடலைப் பருப்பு, வேர்க்கடலை போட்டிருப்பதை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள், அலர்ஜிக்காரர்கள் உண்டு. வடை செய்யத் தெம்பிருந்தால் வடை. எங்கள் ஊரில் என் வடைதான் முதலில் தீரும், இதைத் தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது? மழையைப் பேசுங்கள். அவர் தோட்டத்தில் மழைமானி ஒன்று கம்பத்தில் மாட்டியிருப்பார், பாருங்கள். நேற்று எத்தனை அங்குலம் என்று கேளுங்கள், அரை மணி நேரம் ஓடும். நீங்களோ டெல்டாக்காரர். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வானத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதிதில்லை. அப்புறம் நார்மன் போர்லாக்கைப் பற்றிக் கேளுங்கள். பசுமைப் புரட்சிக்கு நோபல் வாங்கிய அந்த மனிதர் நான் சொன்ன அதே ஹோவர்ட் கவுண்டியில், கிரெஸ்கோ பக்கத்துப் பண்ணையில் பிறந்தவர். அவர் உருவாக்கிய உலக உணவுப் பரிசை 1987-இல் முதன்முதலாக வாங்கியவர் எம்.எஸ். சுவாமிநாதன், உங்கள் கும்பகோணத்தில் பிறந்தவர். இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். எழுந்து உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டு வந்து மறுபடி சொல்லச் சொல்வார் என்பது என் அனுமானம்.

“உங்களைச் சொல்லவில்லை” மறுபடி வந்தால் மழுப்பிச் சிரிக்காதீர்கள். பிரசங்கமும் வேண்டாம். என் டிராக்டர்காரரிடம் நான் அன்று சொல்லத் தெரியாமல், அடுத்த முறை சொன்னது இதுதான்: “என்னையும்தான் சொல்கிறீர்கள், நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.” அதோடு வாயை மூடிக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், பேச்சை மாட்டுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு என் முன்னால் அந்த வசனம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் வந்திருக்கலாம்.

கணவர் சொன்னதில் பாதி சரி. தேசிய அரசியலை வேலியோரம் பேசாதீர்கள். குடியுரிமை வரும்வரை உங்களுக்கு ஓட்டு கிடையாது, கிரீன் கார்டு வரும்வரை தேர்தல் நன்கொடையும் கூடாது. டிரைவிங் லைசென்ஸ் கவுண்டரில், வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பார்கள். பழக்கதோஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். தெரியாமல் பதிந்தாலும் பின்னால் கிரீன் கார்டுக்கே வினையாகும். இதைக் கணவரிடமும் சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஊரின் நிஜ அரசியல் பள்ளி வாரியக் கூட்டத்தில் நடக்கிறது. அங்கே வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். பையன் அந்தப் பள்ளியில் படிப்பதால் அது உங்கள் விஷயமும்கூட. கொடிக்காரரும் கொடிக்கு எதிரானவரும் கூரை ஒழுகலுக்காகச் சேர்ந்து சண்டை போடுவதை அங்கே பார்ப்பீர்கள். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டத்தில் பாப்கார்ன் விற்க ஆள் தேடுவார்கள், பெயர் கொடுங்கள். ஆறு வயதுக்கு 4-ஹெச் என்ற சிறுவர் சங்கத்தில் சின்னப் பிள்ளைகள் பிரிவு உண்டு. ஜூலைக் கவுண்டித் திருவிழாவில் பையன் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ மாமியாருக்குப் போகட்டும், மதம் மாற்றும் பயமெல்லாம் மறந்துவிடும்.

சரி, பாத்திரம். வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள், நம் வழக்கமும் அதுதானே. திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அந்தம்மா பெயர் எழுதியிருக்கும். கழுவும்போது உரித்துவிட வேண்டாம். சர்ச் விருந்துக்கு எடுத்துப்போகும் உங்கள் பாத்திரத்திலும் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். நான் முதல் வருடம் ஒட்டாமல் போய், அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் அடுக்கில் ஒன்று அந்தச் சர்ச் சமையலறையில் காணாமல் போனது. இன்னும் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது.