கத்திரி வெயிலில் கருகிய மாங்கன்று: கடைக்குப் போகும் முன்

கேள்வி: கடந்த பிப்ரவரியில் ஒரு நர்சரியில் இமாம் பசந்த் ஒட்டு மாங்கன்று வாங்கி, மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்து வந்தேன். நன்றாகத் தளிர்விட்டிருந்தது. அக்னி நட்சத்திர நாட்களில் வெளியூர் சென்று திரும்பியபோது இலைகள் எல்லாம் பழுப்பேறிக் காய்ந்து, உதிராமல் கொம்பிலேயே தொங்கின. நர்சரியில் விசாரித்ததற்கு, வளர்ச்சி ஊக்கி, வேர் ஊக்கி, உரக்கலவை ஆகியவை கொண்ட ஒரு தொகுப்பையும் பெரிய தொட்டி ஒன்றையும் வாங்கி உடனே மாற்றி நடச் சொல்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 1,400 ரூபாய் ஆகிறது; கன்றின் விலையே 450 ரூபாய்தான். வாங்கலாமா?
— வாசகி, வேலூர்

பதில்: இப்போது வாங்க வேண்டாம். முதலில் கன்றுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குச் செலவே இல்லை. நுனிக் கொம்பில் தொடங்கி, கீழ்நோக்கி ஆங்காங்கே பட்டையை நகத்தால் மிக இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த இடம்வரை உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. ஒட்டுக் கட்டிய இடத்திற்கு மேலே ஓரிடத்திலாவது பச்சை தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒட்டுக்குக் கீழிருந்து மட்டும் துளிர் வருமானால் அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக் கட்டுவதற்கு அடியில் வைத்த வேறு மாஞ்செடியின், துளிர். அதை வளர்த்தால் மாமரம் கிடைக்கும், இமாம் பசந்த் கிடைக்காது. மேலே உயிர் இருக்கும்போது கீழே வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

பச்சை தெரிந்தால், அடுத்த வேலை தொட்டியை நகர்த்துவது. வெயில் படும் கறுப்புத் தொட்டியின் சுவரை ஒட்டிய மண், கோடைப் பிற்பகலில் 50 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடுவதுண்டு. ஏறத்தாழ 40 டிகிரியைத் தாண்டினாலே மெல்லிய வேர்கள் பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆகவே, இலை கருகியது கண்ணுக்குத் தெரிந்த பாதிப்பு என்றால், தொட்டியின் மேற்குப் பக்கத்தில் வெந்துபோன வேர்கள் கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு. காலை வெயில் மட்டும் படும் இடத்திற்குத் தொட்டியைக் கொண்டுசென்று, தளத்தின் சூடு நேரடியாக ஏறாமலும் வடிதுளை அடைபடாமலும் இருக்கச் செங்கற்களின் மேல் வையுங்கள். தொட்டியைச் சுற்றி நனைத்த சணல் சாக்கைக் கட்டுவதும், மேல்மண்ணில் காய்ந்த சருகையோ தேங்காய் மட்டையையோ தண்டைத் தொடாமல் மூடாக்காகப் பரப்புவதும் நல்ல பலன் தரும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் கன்றை இரண்டாம் முறையாகக் கொல்கிறார்கள். ஒரு முறை முற்றிலும் காய்ந்த மண், குறிப்பாகத் தென்னை நார்க்கழிவு கலந்த மண், மேலே ஊற்றும் நீரை உள்வாங்காமல் தொட்டியின் ஓரமாகவே வடித்துவிடும். எனவே முதல் முறை மட்டும் தொட்டியை ஓர் அகன்ற பாத்திரத்து நீரில் அரைமணி நேரம் வைத்து, மண் முழுதும் நனைந்தபின் எடுத்து வடியவிடுங்கள். அதன்பிறகு இலையில்லாத கன்று மிகக் குறைவான நீரையே உறிஞ்சும் என்பதை மறக்கக்கூடாது. பரிதாபப்பட்டு நாள்தோறும் இருவேளை ஊற்றினால், மிஞ்சிய வேரும் அழுகும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும், அதிகாலையில், அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். நடுப்பகலில் மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும்; அதை ஊற்றவே கூடாது.

இனி, நர்சரி சொன்ன தொகுப்புக்கு வருவோம். வேர் பாதிக்கப்பட்ட செடிக்கு உரம் இடுவது தீங்கு. மண்ணில் உப்பின் செறிவு கூடினால், இருக்கும் நீரையும் வேரால் எடுக்க முடியாமல் போகும். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்ற ஊக்கிகள் பெரும்பாலும் தீங்கற்றவை என்றாலும், செத்த வேரை அவை உயிர்ப்பிப்பதில்லை. இத்தகைய பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆகவே தயாரிப்பாளர் பெயரோ, உட்பொருள் விவரமோ, தொகுதி எண்ணோ இல்லாத குப்பியை எக்காலத்திலும் வாங்காதீர்கள். நிழலுக்கு நகர்த்துங்கள் என்று சொல்வதால் எந்தக் கடைக்கும் வருமானம் இல்லை என்பதையும் மனத்தில் கொள்ளலாம்.

தொட்டி மாற்றுவதும் இப்போது கூடாது. மிஞ்சிய நுனி வேர்களும் அதில் அறுபடும். ஆடி, ஆவணி மழையில் வெப்பம் தணிந்து, புதுத் தளிர் முதிர்ந்தபின் மாற்றலாம். அப்போதும் கறுப்பு பிளாஸ்டிக்கைத் தவிர்த்து, மண் தொட்டியோ வெளிர் நிறத் தொட்டியோ வாங்குங்கள். காய்ந்த கொம்புகளை வெட்டவும் அவசரப்பட வேண்டாம். வேர் பிழைத்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் செந்தளிர் எட்டிப்பார்க்கும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபின் அதற்கு மேலே உள்ளதை வெட்டினால் போதும். அந்தத் தளிர் பச்சையாக முதிரும்வரை உரம் வேண்டாம்.

கேள்வி: நிழல்வலை கேட்டால் 35, 50, 75, 90 சதவீதம் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: மாங்கன்றுக்கு 50 சதவீதம் போதும். இந்த எண் வலை தடுக்கும் ஒளியின் அளவைக் குறிக்கிறது. 90 சதவீத வலை கார் நிறுத்துமிடத்திற்குப் பொருந்தும், கன்றுக்கு அது இருட்டு. புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையேல் ஒரே கோடையில் நைந்து பொடியும். வலையைச் செடியின்மேல் போர்த்தாமல், காற்று புகும்படி உயரத்தில் கட்டி, மேற்குப் பக்கமும் சற்றுத் தொங்கவிட வேண்டும். ஒரே ஒரு தொட்டிதான் என்றால், பழைய பருத்தி வேட்டியைக் கட்டுவதே போதுமானது.

கேள்வி: கன்று பிழைக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: மூன்று மாதம் தளிர்விட்டு வளர்ந்த கன்று வெயிலில் காய்ந்ததை விற்றவரின் குறை என்று நிறுவுவது கடினம். ஆனால் கன்று செத்துவிட்டால் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நர்சரிப் பையின் வடிவிலேயே வேர் சுருண்டு இறுகியிருந்தாலோ, ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா தண்டை நெரித்திருந்தாலோ, உங்கள் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. படமெடுத்து வைத்துக்கொண்டு மாற்றுக் கன்று கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள், அப்படி எதுவும் குறிக்காதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறையே. உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது. அடுத்த முறை கன்று வாங்கும்போது பில்லில் இரகத்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.